நண்டுக்கு ஜிப் கிடையாது

என் வீட்டுக்காரியை ஓட்டுக்குள் வைத்து ஒட்டியது நான்தான். வேண்டுமென்றே ஒட்டினேன் என்று இரண்டு பேர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி ஓட்டுக்குள் இருந்தவள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்தவன். அந்தத் தொழிலில் பொய்க்கு இடமே கிடையாது. இருக்கிற மூஞ்சியை இருக்கிறபடி எடுக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது, காது இரண்டும் தெரிய வேண்டும். ஒருவர் நான் எடுத்த தன் படத்தைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்தார். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டார்களாம். "தெரியலீங்க, ஆனா இந்த மூஞ்சி ஏதோ பண்ணியிருக்கு" என்றாராம். அவ்வளவு துல்லியம்.

வீட்டுக்காரி, கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் முப்பது வருடம் இருந்தவள். ரெக்சினையும் ஃபோமையும் பார்வையாலேயே அளப்பாள். ஒருமுறை எங்கள் தெருவில் நிற்காமல் போன ஒரு காரின் பின்சீட்டை, அது முனை திரும்புவதற்குள் அளவெடுத்துவிட்டாள் என்று சொல்வார்கள். சொல்கிறவன் நான்தான், இருந்தாலும் பலமுறை சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்ததில்லை. அவள் தைத்த உறையெல்லாம் கடைக்காரர் பெயர் போட்ட துணிச் சீட்டோடு வெளியே போயின. அந்தத் துணிச் சீட்டையும் அவள்தான் தைத்து ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வேறொருவர் பெயரைத் தன் வேலையின் மேல் தைத்தவள்.

இருவரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குள் ஒருவரை ஒருவர் நாளெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டி வந்தது. அது எப்படிப்பட்டது என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். படாதவர்களுக்குச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் மகளின் கணினி விளையாட்டு கண்ணில் பட்டது. மகள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். நாளெல்லாம் அடுத்தவருக்கு வலிக்காமல் குத்திவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் வலிக்கும்படியாக யாரையாவது குத்தியாக வேண்டும். அந்த விளையாட்டில் கடலுக்குள் ஒரு கோட்டை. வாசலில் சிவப்பு ஓடும் இரண்டு கொடுக்குகளுமாக ஒரு நண்டுத் தளபதி காவல் நிற்பாள். பதினொரு வினாடி நிற்பாள். அதற்குள் மகள் அவளைக் கொன்றுவிட்டு உள்ளே போவாள்.

"இவளை நேத்தும் கொன்னியே?" என்றாள் வீட்டுக்காரி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"தினமும் கொல்லணும்மா. கொன்னாத்தான் கதவு திறக்கும்."

"பேரென்ன அவளுக்கு?"

"பேரெல்லாம் கிடையாது. வாசல் நண்டு. அவ்வளவுதான்."

"ராசா, ராணி, உள்ள தூங்கிட்டிருக்கிற அந்தத் தடியன், எல்லாருக்கும் பேர் இருக்கு. நிக்கறவளுக்கு மட்டும் பேர் இல்லையா?"

"அம்மா, அது பொம்மை."

"பொம்மையா இருந்தா என்ன? நின்னாளா இல்லையா?"

வெங்காயத்தினால்தான் என்று நினைக்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள், குழந்தைகள் தவழ்வதற்குத் தரையில் போடுகிற ரப்பர் பாய் ஆறு கட்டு வாங்கி வந்துவிட்டாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் பெரிய பெரிய எழுத்துகள் அச்சடித்தது. எங்கள் வீட்டில் தவழ்கிற வயதில் யாரும் இல்லை. "வாஷிங் மெஷினுக்கு அடியில போடவா?" என்றேன். "நண்டுக்கு" என்றாள்.

இப்படி ஒரு பாத்திரத்தின் வேஷத்தைத் தானே செய்து, தானே போட்டுக்கொண்டு, படமெடுத்து நெட்டில் போடுவதற்குக் காஸ்ப்ளே என்று பெயராம். உலகம் பூராவும் செய்கிறார்களாம். மகள் சொன்னாள். எனக்கு அது எதுவும் புதிதாகத் தெரியவில்லை. பெண் பார்க்கப் போன அன்று நானும் அண்ணனின் சட்டை, சித்தப்பாவின் கைக்கடிகாரம், பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு என்றுதான் போனேன். அந்த வேஷத்தை நம்பித்தான் இவள் கழுத்தை நீட்டினாள்.

மூன்று மாதம் வீடு வீடாக இல்லை. ரப்பர் பாயைச் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, என் முதுகில் வைத்து வளைப்பாள். "அசையாதீங்க, ஆறணும்" என்பாள். நண்டின் ஓட்டுக்கு அச்சு என் கூன் முதுகுதான். இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். வளைத்த துண்டுகளைச் சீட்டுக்கடைப் பசையால் ஒட்டினாள். இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் அதோடு சரி, படைத்தவன் வந்தாலும் பிரிக்க முடியாது. கொடுக்கைத் திறந்து மூட என் பழைய சைக்கிளின் பிரேக் கம்பி. அன்றிலிருந்து அந்தச் சைக்கிள் நிற்பதே இல்லை. எங்கே போனது என்றும் தெரியவில்லை. கடைசியில் கறுப்புப் பூச்சு, அதன்மேல் குளியல் ஸ்பாஞ்சால் தொட்டுத் தொட்டுச் செம்மண் நிறம், ஆரஞ்சு, ஓரங்களில் வெளிறிய மஞ்சள். ஓடு காய்ந்த அன்று சமையலறை ஜன்னலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, அதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போயிற்று. காக்கைக்கு ஈரம் எது, பெயிண்ட் எது என்று தெரியும். அதுவே ஏமாந்தது.

வீட்டிலேயே செய்து வீட்டிலேயே படமெடுத்த வேஷங்களுக்கென்று நெட்டில் ஒரு போட்டி நடந்தது. அதற்கு முன்பக்கப் படம் ஒன்று எடுத்து அனுப்பினோம். நீலப் போர்வையைச் சுவரில் கட்டி, கெட்டிலைக் கொதிக்கவைத்து ஆவியைக் கடல் மூட்டமாக்கி, மகள் பெயிண்ட் பிரஷ்ஷால் தண்ணீர் தெளிக்க, நான் எடுத்தேன். "சிரிக்காதே" என்று நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இரண்டே நாளில் ஐயாயிரம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போட்டியின் தலைமை நடுவர், எல்லோரும் பார்க்கும்படி படத்துக்குக் கீழே எழுதினார்:

"அருமையான ஓடு. ஆனால் இது கடையில் வாங்கியது. அறுபத்து நான்கு வயதுக் கை நடுங்கும். இந்த வெட்டுகளில் நடுக்கம் இல்லை. முகத்தைக் கணினியில் ஒட்டியிருக்கிறார்கள். தானாக விலகிக்கொள்வது மரியாதை. இல்லையென்றால் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீடியோவில் வந்து நிரூபிக்கலாம்."

அதற்கும் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரி கண்ணாடி போட்டு ஒருமுறையும், கழற்றி ஒருமுறையும் படித்தாள். பிறகு வலக்கையை நீட்டி, புறங்கையின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைக்கச் சொன்னாள். வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றாள். தண்ணீரில் ஒரு வளையம் எழவில்லை. உறைந்துவிட்டதோ என்று நான் விரலை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"விடும்மா" என்றாள் மகள். "எவனோ ஒருத்தன் எதையோ எழுதினான்னு..."

"எவனோ இல்ல. என் வேலை என் வேலை இல்லைன்னு எழுதியிருக்கான். முப்பது வருஷம் ஒருத்தர் பேரை என் கையாலயே தைச்சு ஒட்டினேன், வாயைத் திறந்தேனா? அது கூலி வேலை. இது என்னுது. இதுல ஒரு பய பேரும் ஒட்டக் கூடாது. கடை பேரும் ஒட்டக் கூடாது."

"சரி, ஞாயித்துக்கிழமை பேசலாம்."

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடியோவுக்கு முன்னால் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவது என்று தீர்மானம். எங்கள் பால்கனியில் வெயில் பத்து மணிக்கு வரும், பதினொன்றுக்குக் கிளம்பிவிடும். அரசாங்க அலுவலகத்தைவிட ஒழுங்கு. மகள் காலை வேலைக்குப் போயிருந்தாள். இவள் கறுப்புக் கைநீளச் சட்டையும் காலுறையும் போட்டு, அதன்மேல் ஓட்டை மாட்டிக்கொண்டாள். ஓட்டின் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு ஜிப். ஜிப் தெரியாமல் மூட ஒரு பட்டை. அதுதான் உள்ளே போகவும் வெளியே வரவும் உள்ள ஒரே வாசல்.

ஒரு படம் எடுத்துக் காட்டினேன். பட்டை லேசாகத் தூக்கி, ஜிப்பின் பல் தெரிந்தது.

"ஏங்க, நண்டுக்கு ஜிப் உண்டா?"

"நான் பார்த்த நண்டு எதுக்கும் இல்ல."

"அப்ப பட்டை ஓரத்துல ஒரு பொட்டுப் பசை வச்சு அமுக்குங்க. ஒரே ஒரு பொட்டு. அப்புறம் பிச்சுக்கலாம்."

ஒரு பொட்டு வைத்தேன். கேமராவில் பார்த்தேன். பொட்டு வைத்த இடம் படிந்தது. அதற்கு மேலும் கீழும் பட்டைக்கு அடியில் நிழல் விழுந்தது. பாஸ்போர்ட் படத்தில் நிழல் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பத்தைந்து வருடத்தில் என் படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் திரும்பி நிற்கிறாள், பார்க்கப் போவதில்லை. பசை டின்னை எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை, பட்டையிலும் அதற்கு அடியிலும், கஞ்சத்தனம் இல்லாமல் தடவிக் காயவிட்டு, முழங்கையால் அழுத்தித் தேய்த்தேன். நாற்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் சொன்ன வேலைக்கு மேலாக நான் செய்தது அன்று ஒருநாள்தான்.

படம் பிரமாதமாக வந்தது. ஓட்டில் ஒரு கோடு இல்லை.

"சரி, ஜிப்பை இறக்குங்க. ஒண்ணுக்குப் போகணும்."

இழுத்தேன். பிறகு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். ஜிப்பின் ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் பசை போய் உட்கார்ந்திருந்தது.

"என்ன சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் நல்லாவே ஒட்டிடுச்சு."

அவள் மெல்லத் திரும்பினாள். ஆறு கட்டு ரப்பர் பாயோடு ஒரு மனுஷி திரும்பினால் எவ்வளவு இடம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அலமாரியில் இருந்த மூன்று டம்ளர்கள் கீழே வந்தன. அடுத்த கால்மணி நேரம் அவள் என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறந்ததனால் அல்ல.

மகள் இரண்டு மணிக்கு வந்தபோது, அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். உட்கார முடியாது, ஓட்டின் கீழ்விளிம்பு தொடையில் இடிக்கும். படுத்தால் எழ முடியாது. கழிவறை விஷயம் ஒருவழியாக முடிந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். அந்தக் கதவை மறுபடி மாட்டுவதற்கு ஆள் வர இரண்டு நாள் ஆயிற்று.

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நிழல் விழுந்தது."

"மனுஷியை வச்சு ஒட்டுவாங்களா யாராவது?" மகள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். "திரும்பும்மா. ஜிப் ஓரமா வெட்டிடறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"எவ்வளவு நேரம் இப்படியே நிப்பே? தண்ணிகூடக் குடிக்கல."

"நாலு மணி வரைக்கும் நிப்பேன். அவன் முழுசாப் பாக்கணும். வெட்டிட்டு அவன் முன்னாடி போய் நின்னா, வாங்கின இடத்துலயே கிழிஞ்சு வந்துச்சான்னு கேப்பான்."

"கேட்டாக் கேட்டுட்டுப் போறான்! இவங்க யாரும்மா நமக்கு? போனை எடுக்காம விட்டா முடிஞ்சுபோச்சு."

"எடுக்காம விட்டா அவன் எழுதினது நிஜமாயிடும். நிக்கறேன். காலுதானே வலிக்குது. கால் வலிச்சுச் செத்தவங்க யாரு?"

என் பெரியப்பா அப்படித்தான் செத்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் பார்த்த பார்வையில், அவர் பிழைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு மகள் தன் போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். திரையில் மூன்று கட்டங்களில் மூன்று நடுவர்கள். எல்லோரும் வேஷத்தோடு வந்திருந்தார்கள், கௌரவமான விஷயம் பாருங்கள். பச்சை முடியும் கையில் மந்திரக் கோலுமாக ஒரு பெண். பூனைக் காது வைத்த ஒரு குண்டு மனிதர், சிப்ஸ் தின்றபடி. நடுவில் தலைமை நடுவர், வெள்ளிச் செதில் கவசத்தில். செதில் ஒவ்வொன்றும் நகம் வெட்டினாற்போல ஒரே அளவு. ஆளுக்கு மிஞ்சினால் முப்பது வயது இருக்கும்.

"வணக்கம் பாட்டிம்மா" என்றார் வெள்ளிச் செதில்.

"எனக்குப் பேரனும் இல்ல, பேத்தியும் இல்ல. தளபதின்னு கூப்பிடுங்க."

பச்சை முடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, தளபதி. கொஞ்சம் திரும்புங்க. ம்... பின்பக்கம் ஒரு இணைப்புகூட இல்ல. பாத்தீங்களா?" மற்ற இருவரிடமும் சொன்னார். "அச்சுல வார்த்தாத்தான் இப்படி வரும். வீட்ல செஞ்ச ஓட்டுல திறக்கறதுக்கு வழி இருக்கும். இதுல எங்க இருக்கு வழி?"

என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை. வாய்விட்டு நன்றி சொல்லியிருப்பேன். மகள் என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வழி இருந்துச்சு" என்றாள் வீட்டுக்காரி. "வீட்டுக்காரர் ஒட்டிட்டார்."

"எதை?"

"என்னை."

பூனைக் காதுக்காரருக்குச் சிப்ஸ் புரையேறிவிட்டது. வெள்ளிச் செதில் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. விஷயம் சிம்பிள். கழட்டி உள்பக்கத்தைக் காட்டுங்க. கையால செஞ்சிருந்தா உள்ள பென்சில் கோடு இருக்கும், பசை வழிஞ்சிருக்கும். வாங்கினதுன்னா மொழுமொழுன்னு இருக்கும். காட்ட முடியாதுன்னா, எங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்."

"கழட்ட முடியாது."

"இதைத்தான் எதிர்பார்த்தேன்."

மகள் பல்லைக் கடித்தாள். "இந்த ஆள் கிட்ட எதுக்கும்மா... நான் போனைக் கட் பண்றேன்."

"போனைத் தொடாதே. என் கத்தியை எடு."

சீட்டுக்கடையிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே பொருள் அது. கட்டை விரல் அகலம், தாடி மழிக்கிற கூர்மை. நான் முதுகுப் பக்கமாக நகர்ந்தேன். "குடு, ஜிப் ஓரமா நான் வெட்டறேன். யாருக்கும் தெரியாம திரும்ப ஒட்டிடலாம்."

"நீங்க ஒட்டினதே போதும். என் கைதானான்னு கேக்கறான், உங்க கை எதுக்கு நடுவுல?"

கத்தியை வாங்கித் தன் கழுத்துக்குக் கீழே, ஓட்டின் நடு நெஞ்சில் வைத்தாள். ஐயாயிரம் பேர் பார்த்த முன்பக்கம். ஸ்பாஞ்சால் பதினேழு நாள் நிறம் ஏற்றிய இடம்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள். தினமும் ஐம்பது பேருக்கு ஊசி குத்துகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க தம்பி" என்றாள் இவள் திரையைப் பார்த்து. "வெட்டறதுக்கு முன்னாடி சொல்றேன், வெட்டின அப்புறம் சரியான்னு பாருங்க. கழுத்துலேருந்து ரெண்டு விரல், ஒத்தை அடுக்கு. அதுக்குக் கீழே ரெட்டை அடுக்கு. அங்க கத்தி திணறும்."

கத்தி இறங்கியது. இரண்டு விரல் வெண்ணெய் மாதிரி போய், நின்றது. அழுத்தினாள். கரகரவென்று மறுபடி போனது. மகள் போனை எடுத்து, வெட்டுக்கு அருகே பிடித்தாள். இரண்டு அடுக்கு, நடுவில் பசைக் கோடு.

"இப்ப நாலு விரல் இறங்கினா ஒரு ஒட்டு வரும். வெளியில தெரியாது. அளவு தப்பா வெட்டிட்டு, துண்டு வச்சு ஒட்டினேன். துண்டு நீல நிறம். சிவப்புப் பாய் தீர்ந்துபோச்சு."

வெட்டினாள். நீலம்.

"இப்ப வலப்பக்கம் ஒரு குழி. பசை காயறதுக்குள்ள இவர் தும்மினார். கை ஆடிடுச்சு."

வெட்டினாள். குழி. பூனைக் காதுக்காரர் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"கடைசியா இடுப்புகிட்ட ஒரு தலைமுடி ஒட்டியிருக்கும். நரைமுடி. எடுக்கப் பாத்தேன், வரல."

கத்தி கடைசி விளிம்பைத் தாண்டியது. ஓடு இரண்டாகப் பிளந்து, தோள்களிலிருந்து கதவுபோலத் திறந்துகொண்டது. மகள் போனை உள்ளே விட்டாள். நரைமுடி இருந்தது. அதோடு பென்சில் அம்புக்குறிகள், எண்கள், அடித்துத் திருத்திய எண்கள், தேன்போல வழிந்து உறைந்த பசை, பாயில் அச்சடித்திருந்த எழுத்துகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும். ஒரு இடத்தில் பென்சிலால், 'இங்கே மூச்சுக்கு இடம் விடு'.

ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு வீட்டுக்காரி முழு மூச்சு ஒன்று விட்டாள். அந்தக் காற்றில் எங்கள் மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, கொஞ்சம் மின்சாரம் மின்வாரியத்துக்கே திரும்பிப் போனது. பில்லில் குறைத்திருந்தார்கள்.

"தப்பு எங்கெங்க இருக்குன்னு வாங்கினவளுக்குத் தெரியுமா?" என்றாள். "செஞ்சவளுக்குத்தான் தெரியும்."

பச்சை முடி கைதட்டினாள். மந்திரக் கோல் கையில் இருந்ததால் அது நெற்றியில் இடித்தது, பொருட்படுத்தவில்லை. வெள்ளிச் செதில் தொண்டையைச் செருமினார்.

"சரி. உங்க வேலைதான். ஒத்துக்கறோம். நான் எழுதினதை எடுத்துடறேன்."

"எடுக்கக் கூடாது. அது அங்கயே இருக்கட்டும். அதுக்குக் கீழே, 'நான் சொன்னது தப்பு'ன்னு எழுதுங்க."

"...எழுதறேன்."

"இப்ப நீங்க காட்டுங்க."

"எதை?"

"உள்பக்கத்தை. மூணு பேரும்."

பச்சை முடி யோசிக்கவே இல்லை. மந்திரக் கோலின் தலையைக் கழற்றித் திருப்பினாள். உள்ளே செய்தித்தாள், டேப், பாதி உடைந்த ஒரு ஷாம்பு பாட்டில். "அய்யோ, இதை யார்கிட்டயும் காட்டினதே இல்ல" என்று சிரித்தாள். பூனைக் காதுக்காரர் காதுகளைக் கழற்றினார்; உள்ளே இரண்டு ரப்பர் செருப்புகளின் குதிகால். "இடது காது என் மனைவியோடது" என்றார்.

"நீங்க, தம்பி?"

வெள்ளிச் செதில் வாய் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல் அப்படியே நின்றார். "சிக்னல் போச்சு போல, படம் நின்னுடுச்சு" என்றாள் பச்சை முடி பரிதாபத்தோடு. இருக்கலாம். அவருக்குப் பின்னால் சுவரோரம் இருந்த மேஜை விசிறி மட்டும் இப்படியும் அப்படியும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் கழித்து அந்தக் கட்டம் அணைந்தது.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கத்தி இன்னும் அவள் கையில் இருந்ததால் தள்ளியே நின்றேன். வெட்டிய ஓட்டைக் கழற்றித் தரையில் வைத்து, மூவரும் பார்த்தோம். மூன்று மாத வேலை, நடுவில் பிளந்து கிடந்தது.

"ஒட்டிடலாம்மா" என்றாள் மகள். "கோடு தெரியாம பெயிண்ட் அடிச்சிடலாம்."

"எதுக்கு?"

அவள் ஓட்டைத் தூக்கி, உட்பக்கம் வெளியே வரும்படி ஒவ்வொரு பாதியையும் முழங்காலில் வைத்து மடித்துப் புரட்டினாள். நிறம் பூசிய பக்கம் உள்ளே போயிற்று. எழுத்து, எண், அம்பு, பசை, நீலத் துண்டு எல்லாம் வெளியே வந்தன. பிளவை நெஞ்சில், கொடுக்கிலிருந்து உருவிய சைக்கிள் கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டாள்.

"எடுங்க."

"வெளிச்சம் இல்ல. பால்கனி வெயில் போயாச்சு."

"அப்ப வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு வாங்க."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். இத்தனை நாளும் திரையைப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர் காதில் விழாதபடி சூட்டுத் துப்பாக்கியைத் துண்டால் மூடிக்கொண்டு வேலை செய்தவள். முதல் மாடியில், குடித்தனக்காரர் சங்கத் தலைவர் சாவியைத் தேடிக்கொண்டு நின்றார்.

"என்னங்க இது... உடம்புக்கு ஏதாவது...?"

"கட்டு இல்லீங்க. கவசம்" என்று இவள் தாண்டிப் போனாள். அவர் என்னைப் பார்த்தார். "உள்பக்கம்" என்று விளக்கினேன்.

தெருவில் மாலை வெயில் கிடையாகக் கிடந்தது. நடுத்தெருவில் நின்றாள். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தார். "அஞ்சு நிமிஷம் இரு, போட்டோ எடுக்கறாங்க" என்றாள், ஏதோ தண்ணீர் வாரியம் குழி தோண்டுகிற மாதிரி. அவரும் இன்ஜினை அணைத்துவிட்டு, காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை சாய்ந்திருந்தது, ஒரு காதுதான் தெரிந்தது, முகத்தில் பாதி நிழல். எடுத்தேன்.

அந்தப் படத்தை அனுப்பினோம். 'செய்தவர்' என்ற கட்டத்தில் மகள் அவள் பெயரை அடித்தாள். முழுப் பெயரையும் முதலெழுத்தோடு.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவளுக்கு 'மூத்தோர் ஊக்கப் பரிசு' தருவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். இந்தப் போட்டிக்கு அப்படி ஒரு பரிசு அதுவரை இல்லை, இவளுக்கென்றே உண்டாக்கியது. மகள் துள்ளினாள். நானும் துள்ளப் பார்த்தேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

"எழுது" என்றாள் வீட்டுக்காரி. "'எனக்கு ஊக்கம் வேண்டாம், நிறைய இருக்கு. வயசுக்கு எல்லாம் பரிசு வேண்டாம். எல்லாரோடயும் சேர்த்து மார்க் போடுங்க. தோத்துட்டேன்னா தோத்துட்டேன்னு எழுதுங்க.'"

"அம்மா, யோசிச்சுச் சொல்லு. மெடல் குடுப்பாங்க."

"எழுதுன்னு சொன்னேன்."

எழுதினாள். மறுநாள் முழுப் பட்டியலும் வந்தது. பெயர்களாக அடுக்கிக்கொண்டே போய், பதினேழாவது இடத்தில் இவள் பெயர். பக்கத்தில் வயது இல்லை, அடைப்புக்குறி இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. வெறும் பெயர், வெறும் மார்க்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

"பதினாறு பேர்" என்றாள். "நம்பர் இருக்காடி உன்கிட்ட?"

"எதுக்கும்மா?"

"ஒவ்வொருத்தருக்கா வீடியோ கால் போடு. உள்பக்கத்தைக் காட்டச் சொல்லு."